சோதனைக்கு முன்னால் போட்ட மாத்திரையை மறைக்காதீர்கள்

(தோட்டத்து மாதாந்த சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துணி துவைக்க, விறகு பொறுக்க, டவுனுக்குப் போக என்று வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும்போது வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. போன மாதம் குடிதண்ணீரைக் கொதிக்க வைப்பது பற்றிப் பேசினோம். இந்த மாதம் பேசப்போவது சபையில் பேசக் கூச்சமான விஷயம், பாலியல் நோய்கள். அதிலும் எல்லாவற்றையும் பேசப்போவதில்லை. ஒரே ஒரு விஷயம்தான். சோதனைக்குப் போவதற்கு முன்னால் ஏதாவது அன்டிபயோடிக் மருந்து குடித்திருந்தால் அந்தச் சோதனை என்ன ஆகும்? "ஒண்ணுமில்லை" என்று வருகிற ரிப்போட்டை நம்பலாமா?

இது சின்ன விஷயம் போல இருக்கும். ஆனால் ஒரு பிழையான ரிப்போட்டினால் புருஷன் பெண்சாதிக்குள் சண்டை வரும், வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து வரும், பிள்ளைப் பாக்கியமே இல்லாமல் போகவும் கூடும். அதனால் கூச்சத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். நான் வைத்தியர் இல்லை. பாலியல் நோய் கிளினிக்குகளில் நோயாளர்களுக்கு விளங்கப்படுத்துகிற விஷயங்களைத்தான் நமது பேச்சில் சொல்கிறேன்.

நடக்கிறது என்ன?

ஒரு உதாரணம் சொல்கிறேன். இது யாருடைய கதையும் இல்லை, விளங்கிக்கொள்ள மட்டும். கொழும்பில் கடை வேலைக்குப் போன ஒரு தம்பி தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறார். வந்த ரெண்டு நாளில் ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், மஞ்சளாகச் சீழ். யாரிடம் சொல்வது? தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் வரிசையில் சித்தியும் மாமியும் நிற்பார்கள். லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவுக்குக் கேட்கும். ஆகவே டவுனில் ஒரு பாமசியில் போய், "அண்ணே, உடம்பு சூடு, ஒண்ணுக்கு எரியுது" என்கிறார். வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமல் அன்டிபயோடிக் விற்கக் கூடாது என்பது சட்டம். இருந்தாலும் சில இடங்களில் நாலைந்து கெப்சியூலைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று நாளில் சீழ் நின்றுவிடுகிறது. எரிச்சலும் குறைகிறது. மனதுக்குள் மட்டும் பயம் போகவில்லை. ஒரு கிழமை கழித்து எங்கேயோ ஒரு லெபில் சோதனை செய்கிறார். மாத்திரை குடித்ததைச் சொல்லவில்லை. ரிப்போட்டில் கிருமி இல்லை என்று வருகிறது.

தம்பி நிம்மதியாகிவிட்டார். மூன்று மாதம் கழித்து அவருடைய மனைவிக்கு அடிவயிற்றில் வலி, காய்ச்சல், வெள்ளைபடுதல். அவரைச் சோதித்தால் நோய் இருக்கிறது. இப்போது வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். "என் ரிப்போட்டு சுத்தமா இருக்கு, உனக்கு எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்பார். அந்தப் பெண் பிள்ளை என்ன பதில் சொல்லும்? ஒரு தாளில் இருக்கிற வார்த்தையை வைத்து, பாவம் செய்யாத ஒருத்தியின் தலையில் பழி விழுகிறது. நான் இந்த விஷயத்தை எடுத்ததே இதற்காகத்தான்.

அன்டிபயோடிக் என்றால் எது?

நமது ஆட்களிடம் "அன்டிபயோடிக் எடுத்தீங்களா?" என்று கேட்டால் "இல்லை, சும்மா சளி மருந்துதான்" என்பார்கள். அந்தச் சளி மருந்தே அன்டிபயோடிக்காக இருக்கும். பக்டீரியா என்கிற கிருமியைக் கொல்கிற, அல்லது அது பெருகாமல் தடுக்கிற மருந்துதான் அன்டிபயோடிக். நமது பக்கத்தில் அடிக்கடி கொடுக்கிறவை அமொக்சிசிலின், கிளொக்சசிலின், செபலெக்சின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின், டொக்சிசைக்ளின், சிப்ரோபிளொக்சசின், மெட்ரோனிடசோல். தொண்டை வலி, பல் வலி, கால் புண், சிறுநீர்க் கடுப்பு, வயிற்றோட்டம் என்று பல காரணங்களுக்கு இவற்றைக் கொடுப்பார்கள். முகப்பருவுக்கு மாதக்கணக்கில் டொக்சிசைக்ளின் குடிக்கிற இளைஞர்களும் உண்டு. இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் தோட்டத்தை அண்டிய வயல்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்கக் கிழமைக்கு ஒரு முறை கொடுப்பதும் இதே டொக்சிசைக்ளின்தான். கிளமீடியா என்ற பாலியல் நோய்க்கு வைத்தியம் செய்வதும் இதே மருந்துதான். வேறு நோய்க்குக் குடித்தோம் என்பதற்காக அது மற்றக் கிருமியைத் தொடாமல் விடாது.

பெனடோல், பிரிட்டன், ஜீவனி, விட்டமின், இரும்புச்சத்து மாத்திரை இவை அன்டிபயோடிக் இல்லை. இவற்றால் இந்தச் சோதனைகள் மாறாது. எது எது என்று தெரியாவிட்டால் காலி அட்டையை எறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதுவே போதும்.

தராசும் ஈரக் கொழுந்தும்

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நடப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை நாளில் ஈரக் கொழுந்துக்குக் கழிவு போடுகிறார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில் தகராறு வருவதும் உண்டு. அதை இன்று பேசவில்லை. ஆனால் தட்டில் இருப்பது ஈரக் கொழுந்தா காய்ந்த கொழுந்தா என்று தெரியாமல் தராசு காட்டுகிற எண்ணை மட்டும் பார்த்தால் சரியான கணக்கு வராது அல்லவா? ஆஸ்பத்திரிச் சோதனையும் அப்படித்தான். மெசினில் பிழை இல்லை. மருந்து குடித்த உடம்பா குடிக்காத உடம்பா என்று வைத்தியருக்குத் தெரிந்தால்தான் ரிப்போட்டின் அர்த்தம் அவருக்கு விளங்கும்.

சோதனைகளில் முக்கியமாக மூன்று வகை இருக்கிறது. மூன்றிலும் அன்டிபயோடிக் மூன்று விதமாக வேலை செய்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வகை: கிருமியைக் கண்ணால் பார்ப்பதும் வளர்த்துப் பார்ப்பதும்

வெட்டை நோய் என்று பெரியவர்கள் சொல்கிற கொனோரியாவுக்கு, வருகிற சீழைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடியில் தடவி, சாயம் போட்டு மைக்ரஸ்கோப்பில் பார்ப்பார்கள். பிறகு அதே சீழைக் கிருமிக்குத் தீனி வைத்த தட்டில் இட்டு வளர்த்தும் பார்ப்பார்கள். இதற்குக் கல்சர் என்று பெயர். நாற்று மேடையில் விதை போட்டு முளைக்கிறதா என்று பார்ப்பது போல. முளைக்க வேண்டுமானால் கிருமி உயிரோடு இருக்க வேண்டும்.

நாலைந்து கெப்சியூல் குடித்தவருடைய உடம்பில் கிருமியில் பெரும் பகுதி செத்திருக்கும், மிச்சம் சோர்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் எடுத்தால் கண்ணாடியிலும் தெரியாது, தட்டிலும் முளைக்காது. "கிருமி இல்லை" என்று ரிப்போட் வரும். மருந்து நின்றதும் மிச்சக் கிருமி தலைதூக்கும். மலையில் புல்லை மேலாக வெட்டிவிட்டால் தூரத்தில் நின்று பார்க்கிறவருக்குச் சுத்தமாகத்தான் தெரியும். வேர் உள்ளே கிடக்கிறது, ஒரு மழைக்குப் பிறகு தெரிந்துவிடும்.

கல்சர் சோதனையில் இன்னொரு பெரிய பிரயோசனமும் உண்டு. எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும், எதற்குச் சாகாது என்று அதிலேதான் பார்ப்பார்கள். கொனோரியா கிருமி ஒவ்வொரு மருந்தாகத் தோற்கடித்து வந்த கிருமி. ஒரு காலத்தில் பெனிசிலினுக்குக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. டெட்ராசைக்ளினுக்குக் கேட்டது, அதற்கும் கேட்கவில்லை. சிப்ரோபிளொக்சசினும் அந்தக் கதிதான். அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டிலேயே கொனோரியாவுக்குச் சிப்ரோபிளொக்சசின் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். இன்றைக்கு முக்கியமாக இருப்பது செப்ட்ரையக்ஸோன் ஊசி. பாமசியில் வாங்கிய அரைகுறை மாத்திரை கிருமியைக் கொல்லாமல் அதற்குப் பழக்கம்தான் கொடுக்கும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945ல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, மருந்தைக் குறைவாகக் குடித்தால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார்.

மறைவிடத்தில் வந்த புண்ணுக்கும் இதே நியாயம்தான். சிபிலிஸ் புண்ணிலிருந்து நீர் எடுத்து மைக்ரஸ்கோப்பில் பார்க்கிற சோதனை உண்டு. புண்ணில் அன்டிபயோடிக் கிறீம் பூசியிருந்தாலோ, டெட்டோல் மாதிரி கிருமிநாசினி போட்டுக் கழுவியிருந்தாலோ கிருமி அகப்படாது. ஆகவே காட்டப் போகும்வரை ஒன்றும் பூசாமல், வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது வகை: கிருமியின் தடத்தைத் தேடுவது

இப்போது பீ.சீ.ஆர். என்ற பெயர் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், 2020ல் கொரோனா வந்து கற்றுக் கொடுத்துவிட்டது. அதே மாதிரிச் சோதனை கொனோரியாவுக்கும் கிளமீடியாவுக்கும் உண்டு. இது கிருமி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கிருமியின் உடல் துணுக்கு கிடைக்கிறதா என்றுதான் பார்க்கிறது. மரக்கறித் தோட்டத்தில் பன்றி வந்து போனால் ஈர மண்ணில் காலடித் தடம் இருக்கும். பன்றி செத்துப் போனாலும் தடம் சில நாளைக்கு அழியாது.

அதனால் இங்கே தலைகீழான குழப்பம் வருகிறது. ஒருவர் முறையாக வைத்தியம் எடுத்து நோய் முற்றாகக் குணமாகியிருக்கும். அவசரப்பட்டுப் பத்தாம் நாள் இந்தச் சோதனையைச் செய்தால் "கிருமி இருக்கிறது" என்று வரலாம். செத்த கிருமியின் துணுக்குதான் அது. கிளமீடியாவுக்கு வைத்தியம் முடிந்து நாலு கிழமைக்குள் இந்தச் சோதனையைத் திருப்பிச் செய்ய வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். இது தெரியாமல், "மருந்து குடிச்சும் உனக்கு இருக்குன்னா மறுபடியும் எங்கேயோ போயிருக்கே" என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டக் கூடாது.

அதே நேரம், பாதி மருந்து குடித்துக் கிருமி மிகவும் குறைந்து போயிருக்கிற வேளையில் இந்தச் சோதனையும் தவறவிடக் கூடும். ஆக, எந்தப் பக்கம் பார்த்தாலும் எந்த மருந்து, எந்தத் திகதியில் குடித்தது என்ற தகவல் வைத்தியருக்குத் தேவை.

மூன்றாவது வகை: இரத்தச் சோதனை

சிபிலிஸ் நோயை முக்கியமாக இரத்தத்தில்தான் பார்க்கிறார்கள். இங்கே தேடுவது கிருமியை இல்லை. கிருமி வந்ததும் நம் உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புச் சக்தியைத்தான் தேடுகிறார்கள். கிருமி உடம்பில் ஏறியதிலிருந்து புண் தெரிவதற்கு சராசரி மூன்று கிழமை ஆகும். பத்து நாளிலும் வரலாம், மூன்று மாதமும் ஆகலாம். இரத்தத்தில் அடையாளம் வர இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும்.

இந்த இடைவெளியில் பல் வலிக்கோ தொண்டைக்கோ ஒருவர் அமொக்சிசிலின் குடித்தால், சிபிலிஸ் முற்றாகக் குணமாகாமலே அடங்கிப் போகலாம். புண் வராமலே போகலாம். இரத்தத்தில் அடையாளம் வருவதும் பிந்தலாம். இன்னொன்று, சிபிலிஸ் புண் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு கிழமையில் தானாக ஆறிவிடும். நம்ம ஆள் பாமசி மாத்திரையால் ஆறிவிட்டது என்று நினைப்பார். கிருமி இரத்தத்தில் தங்கி, பிறகு உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்பாக வரும், அதுவும் மறையும். பல வருசம் கழித்து இருதயத்தையும் மூளையையும் தாக்கும். வருத்தம் மறைவது வேறு, நோய் குணமாவது வேறு. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இரத்தச் சோதனையில் எதிர்ப் பக்கமும் உண்டு. முறையாகப் பெனிசிலின் ஊசி போட்டு சிபிலிஸ் குணமானவருடைய இரத்தத்திலும் ஒரு வகைச் சோதனை அநேகமாக ஆயுள் முழுக்க "இருக்கு" என்றுதான் காட்டும். தோளில் பீ.சீ.ஜீ. ஊசித் தழும்பு இருக்கிற மாதிரி, அது பழைய அடையாளம். இன்னொரு சோதனை வீ.டி.ஆர்.எல். அதில் எண் இருக்கும். வைத்தியத்துக்கு முன் 1:32 என்று இருந்தது பிறகு 1:8 என்று இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இறங்குவதற்கு மாதக்கணக்கில் எடுக்கும். அதனால்தான் ஊசி போட்ட பிறகும் 3 மாதம், 6 மாதம், 12 மாதம் என்று திரும்ப வரச் சொல்கிறார்கள். பழைய எண் தெரியாவிட்டால் புதிய எண்ணால் பிரயோசனம் குறைவு. ஆகவே அந்தத் துண்டுகளை அடையாள அட்டை மாதிரிப் பத்திரமாக வையுங்கள்.

மாறாத சோதனைகள்

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பீ, ஹேர்பீஸ் ஆகியவை வைரஸ் கிருமிகள். அன்டிபயோடிக் வைரஸைக் கொல்லாது. அதனால் எச்.ஐ.வி. சோதனையையும் மாற்றாது. அன்டிபயோடிக் குடித்திருக்கிறோம் என்று எச்.ஐ.வி. சோதனையைப் பிற்போட வேண்டாம். அதேபோல "அன்னைக்கே ரெண்டு அன்டிபயோடிக் போட்டுட்டேன், எயிட்ஸ் வராது" என்று நினைப்பதும் பெரிய பிழை. எச்.ஐ.வி. சோதனையில் கவனிக்க வேண்டியது வேறு. தொற்றிய உடனே செய்தால் தெரியாது, சோதனையின் வகையைப் பொறுத்து ஆறு கிழமை முதல் மூன்று மாதம் வரை இடைவெளி தேவைப்படும். எப்போது திருப்பிச் செய்வது என்று கிளினிக்கில் சொல்வார்கள்.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். அன்டிபயோடிக் குடித்த பிறகு பெண்ணுறுப்பில் அரிப்பும், தயிர் திரிந்த மாதிரி வெள்ளையும் வரலாம். நல்ல கிருமிகளும் மருந்தில் செத்துவிடுவதால் பங்கஸ் வளர்வதுதான் காரணம். இது கெட்ட நடத்தையால் வந்த நோய் இல்லை. இதற்கு மேலும் அன்டிபயோடிக் வாங்கிக் குடிக்காமல் டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு

கர்ப்பம் என்று தெரிந்ததும் கிளினிக்கில் பதியும்போது சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுக்கிறார்கள். நம்மைச் சந்தேகப்பட்டு எடுப்பதில்லை, நாட்டில் எல்லாத் தாய்மாருக்கும் எடுக்கிறார்கள். இந்த வேலையால்தான் தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. மழையிலும் லயம் லயமாக ஏறி இறங்கிய மிட்வைப் மிஸ்மாருக்கும், வெறும் வயிற்றோடு நடந்து போய் இரத்தம் கொடுத்த நமது தாய்மாருக்கும் அதில் பங்கு உண்டு.

கர்ப்பத்தில் சிபிலிஸ் இருந்து வைத்தியம் செய்யாவிட்டால் கரு கலையலாம், பிள்ளை செத்துப் பிறக்கலாம், ஊனத்தோடு பிறக்கலாம். தாய்க்குப் பொருத்தமான பெனிசிலின் ஊசி போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கும் மருந்து போய்ச் சேரும். எரித்ரோமைசின், அசித்ரோமைசின் போன்ற மாத்திரைகளை நம்பி வயிற்றுப் பிள்ளை தப்பிவிடும் என்று இருக்க முடியாது. ஆகவே "நான் போன மாசம் ஏதோ அன்டிபயோடிக் குடிச்சேன், அதோட சரியாகியிருக்கும்" என்று கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். குடித்ததை மிட்வைப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். முதல் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகு கணவருக்கு நோய் தெரியவந்தால், அதையும் மறைக்காமல் சொல்லி இன்னொரு முறை இரத்தம் கொடுங்கள். பிள்ளையின் உயிர் விஷயத்தில் வெட்கம் பார்க்க வேண்டாம்.

வெளிநாட்டு மெடிக்கலுக்குப் போகிறவர்களுக்கு

மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ், சிபிலிஸ் சோதனை உண்டு. "மெடிக்கலுக்கு முதல் நாள் அன்டிபயோடிக் போட்டா ரிப்போட் கிளியராகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வைரஸ் சோதனை மாறாது என்று முன்பே சொன்னேன். சிபிலிஸ் இரத்த அடையாளமும் இரவோடு இரவாக அழியாது. நோய்தான் சரியான வைத்தியம் இல்லாமல் உள்ளே தங்கும். முன்பு சிபிலிஸுக்கு வைத்தியம் செய்தவர்கள் அந்தச் சிகிச்சைத் துண்டையும் பழைய எண்களையும் வைத்திருந்தால், கிளினிக் வைத்தியரிடம் காட்டி விளக்கம் கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று. எரிச்சல், சீழ், புண், வழக்கத்துக்கு மாறான வெள்ளை, அடிவயிற்று வலி இருந்தால் பாமசிக்கு முதலில் போகாமல் சோதனைக்கு முதலில் போங்கள். மருந்து குடிக்காத உடம்பில்தான் சோதனை சரியாகத் தெரியும். ஆண்கள் சோதனைக்கு முன் இரண்டு மணித்தியாலமாவது ஒண்ணுக்குப் போகாமல் இருப்பது நல்லது.

இரண்டு. ஏற்கனவே மருந்து குடித்துவிட்டால், "இனி போய்ப் பிரயோசனமில்லை" என்று வீட்டில் இருக்க வேண்டாம். உடனே போய் மருந்தின் பெயர், எத்தனை, எந்தத் திகதி என்பதைச் சொல்லுங்கள். கடந்த ஒரு மாதத்தில் பல்லுக்கு, சளிக்கு, பருவுக்குக் குடித்ததும் இதில் அடங்கும். இன்றே சோதிப்பதா, சில கிழமை கழித்தா, இரண்டு முறையா என்று அவர்கள் தீர்மானிப்பார்கள்.

மூன்று. வேறு நோய்க்கு வைத்தியர் கொடுத்த அன்டிபயோடிக்கைச் சோதனைக்காகத் தானாக நிறுத்தக் கூடாது. நியுமோனியாவோ கால் புண்ணோ முற்றினால் உயிருக்கே ஆபத்து. மருந்தைக் குடித்துக்கொண்டே போய் விசயத்தைச் சொல்லுங்கள்.

நான்கு. மருந்து குடித்த பிறகு வந்த "இல்லை" என்ற ரிப்போட்டை நல்ல நடத்தைச் சான்றிதழாக யாரிடமும் காட்ட வேண்டாம். அதை வைத்து மற்றவரைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். கிளமீடியா வந்த பெண்களில் பெரும்பாலானோருக்கு ஒரு அடையாளமும் தெரியாது. பல மாதம் உள்ளே இருந்திருக்கலாம். யாருக்கு முதலில் வந்தது என்று ரிப்போட் சொல்லாது.

ஐந்து. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வைத்தியம் எடுங்கள். ஒருவர் மட்டும் எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும். வைத்தியர் சொல்கிற நாள்வரை, அநேகமாக இருவரும் மருந்து முடித்து ஏழு நாள் வரை, உடலுறவைத் தவிருங்கள்.

எங்கே போவது? கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை ஆகிய இடங்களில் அரசாங்கத்தின் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது. சோதனையும் மருந்தும் இலவசம். யாருடைய கடிதமும் தேவையில்லை, நேரே போகலாம். பெயரை விட இலக்கத்தைத்தான் பாவிப்பார்கள், விசயம் வெளியே போகாது. துரைக்கோ கணக்கப்பிள்ளைக்கோ அறிவிக்க மாட்டார்கள். பேர் போட்ட நாளில் போக வேண்டி வந்தால் "கிளினிக்குக்குப் போகணும்" என்று மட்டும் சொல்லி லீவு கேளுங்கள், என்ன கிளினிக் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. சிங்களம் பேசத் தயக்கமாக இருந்தால், குடித்த மருந்தின் பெயரையும் திகதியையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமானால் எங்களிடம் வாருங்கள். எதற்கு என்று கேட்க மாட்டோம்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

ஒரு அக்கா கேட்டார்: "பக்கத்துக் காம்பராவுல மிஞ்சின கெப்சியூல் இருக்கு, அவசரத்துக்கு எடுக்கலாமா?"

எடுக்கக் கூடாது அக்கா. அவருக்குக் கொடுத்த மருந்து வேறு நோய்க்கு. மிஞ்சியிருக்கிறது என்றாலே அவரும் முழுதாகக் குடிக்கவில்லை. உங்கள் நோய்க்கும் அது காணாது, சோதனையைத்தான் கெடுக்கும்.

ஒரு தம்பி கேட்டார்: "சோதனை முடியிறதுக்கு முந்தியே கிளினிக்ல மருந்து குடுத்தா வாங்கலாமா?"

வாங்கலாம். தேவையான மாதிரிகளை எடுத்துக்கொண்ட பிறகு, ரிப்போட் வருமுன்னே வைத்தியர் மருந்து கொடுப்பது உண்டு. நோய் மற்றவருக்குப் பரவாமல் இருக்க அது நல்லது. மாதிரி எடுத்த பிறகு குடிக்கிற மருந்து அந்தச் சோதனையைக் கெடுக்காது. கொடுத்ததை முழுதாகக் குடித்து முடியுங்கள்.

வயதான ஒரு ஐயா கேட்டார்: "நாட்டு மருந்து குடிச்சதையும் சொல்லணுமா?"

சொல்லுங்கள் ஐயா. சூரணத்தில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கையில் பொட்டலம் இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

தாய்மாரே, ஐயாமாரே, இந்த நோய்களில் கொனோரியா, கிளமீடியா, சிபிலிஸ் மூன்றும் சரியான மருந்தால் குணமாகக் கூடியவை. சரியான மருந்துக்குச் சரியான சோதனை வேண்டும். சோதனை சரியாக இருக்க நாம் செய்ய வேண்டியது கஷ்டமான வேலை இல்லை. குடித்ததைக் குடித்தேன் என்று சொன்னால் போதும். இன்று கேட்டதை வராதவர்களுக்கும், முக்கியமாக வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் பிள்ளைகளின் பூச்சி மருந்து பற்றிப் பேசுவோம்.